எழுத்தின் மூன்றாம் வடிவம்

அரபுத் தமிழ் ஏடொன்றை முதன்முதலாகப் பார்ப்பவர் அதை அரபு மொழி என்றே எண்ணுவார். எழுத்து அரபு, மொழியோ தமிழ். தமிழ் ஒலிகளுக்காகச் சில அரபெழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டப்பட்டிருக்கும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் இவ்வாறு எழுதியவற்றை நம் மூத்தம்மாமார் சரளமாக ஓதினார்கள். அந்த வாசிப்புப் பழக்கம் அறுந்தபின், ஏடு கையிலிருந்தும் வாசிக்க ஆளில்லாமற் போயிற்று.

நம் காலத்திலும் இப்படியோர் அறுதல் நடந்திருக்கிறது. 1990களிலும் அதற்குப் பின்னரும் இலங்கையில் விழா மலர், வினாத்தாள், ஆய்வேடு எனப் பலவும் ‘பாமினி’ எழுத்துருவிலேயே தட்டப்பட்டன. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்துவது எழுத்துரு. அது இல்லாத கணினியில் போர்வை கழன்றுவிடும்.

நன்னூல் படித்தவர்கள் எழுத்தின் ஒலிவடிவையும் வரிவடிவையும் அறிவார்கள். கணினி மூன்றாவதாக எண்வடிவைச் சேர்த்தது. பாமினியில் ‘த’வின் எண் 106, அது உண்மையில் ஆங்கில ஜேயின் எண். 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பு தமிழுக்கென்றே எண்களை ஒதுக்கியது. அதில் ‘த’ 2980. அது நம் ஊர்களில் பரவப் பல வருஷம் சென்றது.

2003இல், எங்கள் ஊர் மூத்தம்மா ஒருவர் சொல்லச் சொல்ல நாட்டார் கவிகளைப் பாமினியில் தட்டி, பொதுக் கணினியொன்றில் வைத்தேன். பிறகு அங்கே புதுக் கணினி வந்தது. கோப்பைத் திறந்த பொடியன் சொன்னான்: “சேர், வைரஸ் புடிச்சிருந்திச்சி, ஒண்டும் விளங்கல்ல, அழிச்சிட்டன்.”

வைரஸ் எதுவுமில்லை. கவிகள் முழுதாக அதற்குள்ளேதான் இருந்தன. இது பாமினி என்று தெரிந்திருந்தால் எழுத்துரு மாற்றியில் இட்டு ஒரு நிமிஷத்தில் யுனிகோடாக்கியிருக்கலாம். மூத்தம்மா அதற்கு முன்னரே மௌத்தாகிவிட்டார். பொடியனை நான் குறை சொல்லவில்லை. தட்டிய எனக்கே அன்று இது தெரியாது.

கணினியைக் கழற்றிப் பூட்டவோ நிரல் எழுதவோ எல்லோரும் கற்கத் தேவையில்லை. ஆனால் திரையில் தெரிவது வேறு, உள்ளே கிடப்பது வேறு என்ற ஒன்றையாவது பாவிப்பவர் அறிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ பள்ளிவாசல் அலுமாரியிலோ பழைய இறுவட்டு கிடந்தால், விளங்கவில்லை என்று வீசிவிடாதீர்கள். முதலில் அது எந்த எழுத்துரு என்று கேளுங்கள்.