மதராஸ், மணிப்பால், மேடான்: வட சிலாங்கூர்த் தோட்டப் பிள்ளைகளின் கடல் கடந்த படிப்பு

செரண்டா, ரவாங், பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளை உயர்கல்விக்காகக் கடல் கடக்க வைத்தவை இரண்டு: உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் குறைவு, வெளியே சில ஊர்களில் கட்டணம் குறைவு. எந்த ஊர் என்பதை நாணய மதிப்பும் கப்பல் கட்டணமும் சான்றிதழுக்குக் கிடைத்த அங்கீகாரமும் காலத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வந்தன. ஒரு தலைமுறைக்கு அது மதராஸ். அடுத்ததற்கு இங்கிலாந்து, மணிப்பால். அதற்கும் பிந்தியவர்களுக்கு மேடானும் பண்டுங்கும்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே நீண்ட இரயில் பாதை 1893-இல் செரண்டாவை எட்டியது. மறு ஆண்டு கோலகுபுவுக்குப் போனது. அப்போது அது ஈய வட்டாரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. மேற்கே கோல சிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஆன்ரி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் செம்பனை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. இரயிலும் தோட்டமும் இரு வகைத் தமிழர்களைக் கொண்டுவந்தன. ஸ்டேஷன் மேசைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆங்கிலம் படித்தவர்கள்; பால்மரக் காட்டில் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு கிராமங்களிலிருந்து கங்காணி வழியாக வந்த கூலிகள். வெளிநாட்டுப் படிப்பின் வரலாறும் இந்தப் பிளவிலிருந்தே தொடங்குகிறது. மாதச் சம்பளக்காரரான கிராணி, அதாவது தோட்ட அலுவலக எழுத்தர், தம் மகனை ரவாங்கிலோ கோலாலம்பூரிலோ ஆங்கிலப் பள்ளியில் சேர்த்து, பிறகு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மதராஸுக்கோ அனுப்ப முடிந்தது. கூலிகள் குடியிருந்த லயத்துப் பிள்ளைக்கு அந்த வழி திறக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

லயத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது தோட்டத் தமிழ்ப்பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் இருந்ததே தவிர, பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாருமாகவே இருந்தது. அந்த வாத்தியாரும் சில இடங்களில் பாதி நாள் வேறு வேலை பார்த்தார். ஆரம்ப வகுப்புகளுக்கு மேல் தமிழில் படிப்பு இல்லை. மேலே போக ஆங்கிலப் பள்ளி வேண்டும். அதற்குப் பட்டணமும் கட்டணமும் வேண்டும்.

சுதந்திரத்தையொட்டி இது மாறியது. 1956-இன் ரசாக் அறிக்கையும் 1961-இன் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி கற்று, இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்குப் போகலாம். அந்த ஓராண்டுதான் பலரை வடிகட்டியது. தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ரவாங்கோ கோலகுபு பாருவோ போய் வருவதற்கே காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போயிருப்பார்கள். இதையெல்லாம் தாண்டி ஐந்தாம் படிவம் முடித்தவர்கள் 1960-களில் தோட்டத்துக்கு ஒருவர் இருவராகத் தோன்றினார்கள்.

அவர்களுக்கு முன்னே இருந்தது ஒரே பல்கலைக்கழகம். 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகம் 1959-இல் கோலாலம்பூரில் கிளை விட்டு, 1962-இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதில் நுழைய ஆறாம் படிவம் படித்து உயர்நிலைத் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற வேண்டும். மதராஸில் நிலைமை வேறு. ஐந்தாம் படிவச் சான்றிதழோடு போய் ஓராண்டு பி.யு.சி. படித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி வகுப்புகள் வந்து பி.யு.சி. மறையும் வரை, அதாவது 1970-களின் இறுதி வரை, இது நடைமுறையில் இருந்த குறுக்கு வழி.

பணக் கணக்கும் சாதகமாக இருந்தது. 1966 ஜூன் 6-ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது ஓர் அமெரிக்க டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய்க்கு ஏறியது. மலாயா வெள்ளியில் சேமித்த குடும்பத்துக்கு, ஒரே இரவில் விடுதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. பயணம் கப்பலில். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜுலாவும், பின்னர் எம்.வி. சிதம்பரமும் நாகப்பட்டினம், மதராஸ் துறைகளைப் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூரோடு இணைத்தன. தாத்தாவைக் கூலியாகக் கொண்டுவந்த அதே கப்பலின் மேல்தளத்தில் பேரன் பெட்டி படுக்கையோடு படிக்கப் போனான். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் தீப்பற்றி எரிந்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. அதற்குப் பிறகு இந்தியா போவதென்றால் விமானக் கட்டணம்.

இந்தப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. தோட்டக் கூலி அன்றாடக் கூலி. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆகவே சேமிப்பு என்பது அம்மாவின் கழுத்திலும் கையிலும் இருந்தது. அடகுக்கடை, சீட்டு, மாமன் சித்தப்பா கைமாற்று, மூத்த மகனும் மகளும் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவது ஆகியவையே பெரும்பாலான வீடுகளின் கல்வி நிதி. ஒரு பிள்ளையின் பட்டத்துக்குப் பின்னால் படிக்காமல் போன அக்காவோ அண்ணனோ இருப்பது தோட்டப்புறத்தில் சாதாரணம். அவர்கள் எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. அமைப்புகளும் உதவின. 1954-இல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் வழங்கியது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நாளில், தொழிலாளரே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் பின்னாளில் உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்குக் கைகொடுத்தது.

செலவே இல்லாத ஒரு வெளிநாட்டுப் படிப்பும் இருந்தது: இங்கிலாந்தில் தாதியர் பயிற்சி. 1960-களிலும் 70-களிலும் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் மலேசியாவிலிருந்து இளம்பெண்களை மாணவத் தாதியராக எடுத்தன. மூன்றாண்டுப் பயிற்சிக் காலம் முழுவதும் உதவித்தொகையும் தங்குமிடமும் உண்டு. விமானச் சீட்டுக்குப் பணம் புரட்டினால் போதும். மகளை இரண்டாம் படிவத்தோடு நிறுத்திவிட நினைத்த பெற்றோர் பலருக்கு இந்த வாய்ப்பு மனத்தை மாற்றியிருக்கும். பட்டப்படிப்புக்குப் போனவர்களின் நிலை அப்படியில்லை. 1980-இல் பிரிட்டன் வெளிநாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் கட்டணமாக வாங்கத் தொடங்கியது. அங்கே மிகுதியாக இருந்த வெளிநாட்டு மாணவர்களில் மலேசியரும் அடக்கம் என்பதால் அடி இங்கேதான் பலமாக விழுந்தது. மறு ஆண்டு பிரதமர் மகாதீர் பிரிட்டிஷ் பொருள்களைக் கடைசியாக வாங்குங்கள் என்று அறிவித்ததற்கு இந்தக் கட்டண உயர்வும் ஒரு காரணம்.

உள்நாட்டில் வாசல் அகன்றதா என்றால், அகன்றது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம் 1969-இலும், பாங்கியில் இன்றிருக்கும் தேசியப் பல்கலைக்கழகம் 1970-இலும் தொடங்கின. அதே நேரத்தில் புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் இன ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் ஆகிய துறைகளில் இந்திய மாணவருக்குக் கிடைத்த இடங்கள் சொற்பம். ஆறாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் சிறந்த மதிப்பெண் எடுத்தும் கேட்ட துறை கிடைக்காத பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் தமிழ்ப் பத்திரிகைச் செய்தியானான். 2002-இல் ஒதுக்கீட்டுக்குப் பதிலாகத் தகுதிமுறை அறிவிக்கப்பட்ட பிறகும், மெட்ரிகுலேஷன் ஒரு பாதை, எஸ்.டி.பி.எம். ஒரு பாதை என்று இரண்டு அளவுகோல்கள் இருந்ததால் குறை தீரவில்லை.

ஆகவே 1980-களிலும் 90-களிலும் மருத்துவம் படிக்க விரும்பியவர்கள் மறுபடி இந்தியா பக்கம் திரும்பினார்கள். இம்முறை மதராஸைவிடக் கர்நாடகம் முன்னே நின்றது. டி.எம்.ஏ. பை 1953-இல் மணிப்பாலில் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி, கட்டணம் செலுத்துபவருக்கு இடம் தரும் தனியார் கல்லூரி. 1991-இல் ரூபாய் மறுபடி இறங்கியது அங்கே போனவர்களுக்கு உதவியது. மலேசிய அரசு மருத்துவமனைகளில் மணிப்பால் பட்டதாரிகள் எவ்வளவு பேர் சேர்ந்தார்களோ, அவ்வளவுக்கு அந்தப் பெயர் தோட்டப்புறத்திலும் பழகிப்போனது. 1997-இல் மலாக்காவில் மணிப்பாலின் கிளைக் கல்லூரியே வந்தது. ம.இ.கா. கட்சி 1984-இல் அமைத்த எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அமைப்பு கல்விக் கடன் வழங்கியதோடு, கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தையும் 2001-இல் திறந்தது. இதற்கு முன்பே, பிள்ளைகளைத் தேர்வில் தேற வைப்பதே முதல் வேலை என்று டாக்டர் தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியிருந்தார். வார இறுதி டியூஷன் வகுப்புகள் தோட்டப்புறத்துக்கு வந்ததில் இதற்குப் பங்கு உண்டு.

இந்தோனேசியா இந்த வரிசையில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் 1997-98 ஆசியப் பொருளாதார நெருக்கடி. ரிங்கிட் டாலருக்கு 2.50 என்ற அளவிலிருந்து சரிந்து, 1998 செப்டம்பரில் 3.80-இல் நிறுத்தப்பட்டது. ரூபியாவின் வீழ்ச்சி அதைவிடப் பயங்கரம். டாலருக்கு 2,400 ரூபியா இருந்தது, 1998-இல் ஒரு கட்டத்தில் 15,000-ஐயும் தாண்டியது. நிலைமை ஓரளவு அடங்கிய பின்னும் ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைத்த ரூபியா முன்பைப் போல இரு மடங்குக்கு மேல். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் எட்டாத தூரத்துக்குப் போன அதே மாதங்களில், கடலுக்கு அந்தப் பக்கம் மேடான், பண்டுங், ஜோக்ஜகார்த்தா, மக்காசார் நகரங்களின் அரசு மருத்துவப் பீடங்கள் கைக்கு எட்டின. வட சுமத்ராப் பல்கலைக்கழகம், பஜஜாரான், காஜா மாடா, ஹசனுடின் ஆகியவற்றின் பட்டங்களை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்றதால் ஊர் திரும்பி வேலை பார்க்கத் தடையும் இல்லை.

மொழியும் ஒத்துழைத்தது. பன்னிரண்டு வயதில் மலாய் புரியாமல் புகுமுக வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு, இருபது வயதில் இந்தோனேசிய நோயாளியிடம் தலைவலி எத்தனை நாளாக என்று விசாரிக்க அந்த மலாய்தான் துணை. பண்டுங்கில் வயதான நோயாளி சுண்டா மொழியில் பேசினால் அது வேறு பாடு. மேடானில் இன்னொரு வசதியும் உண்டு. டெலி புகையிலைத் தோட்டங்களுக்கும் சாலை வேலைக்கும் 1870-கள் முதல் வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். 1884-இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் அவர்கள் குடியிருப்பின் நடுவில் நிற்கிறது. சிலாங்கூர்த் தோட்டத்துப் பேத்தி டெலித் தோட்டத்துப் பேரர்களை மேடானில் சந்தித்தது, பெரிதாக எவரும் எழுதிவைக்காத ஒரு சந்திப்பு.

விண்ணப்பிக்கும் வேலை பெரும்பாலும் ஏஜெண்டுகள் கைக்குப் போனது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். சான்றிதழ் நகல்களில் உறுதிமொழி முத்திரை, உயர்கல்வி அமைச்சின் தடையில்லாச் சான்று, மருத்துவப் பரிசோதனை, விசா, தங்கும் அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் கோலாலம்பூருக்கு அலைய வேண்டும். பால் வெட்டும் அப்பாவால் அத்தனை நாள் கூலியை விட முடியாது. ஏஜெண்டுக்குக் கொடுக்கும் தொகை அந்த அலைச்சலின் விலை. சிலர் நியாயமாக நடந்துகொண்டார்கள். சிலர் அங்கீகாரம் இல்லாத இடத்துக்கும் ஆள் சேர்த்தார்கள்.

அங்கீகாரமே பெரிய ஆபத்து என்பதை உக்ரேனின் கிரிமியா காட்டியது. ஆங்கிலத்தில், குறைந்த கட்டணத்தில் மருத்துவம் படிக்கலாம் என்று சிம்பெரோபோலில் இருந்த கிரிமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மலேசிய இந்திய மாணவர் ஏராளமாகப் போனார்கள். 2005-இல் மலேசிய அரசு அதன் அங்கீகாரத்தை நீக்க முடிவெடுத்தபோது இந்தியச் சமூகத்தில் கொந்தளிப்பு எழுந்தது. வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய குடும்பங்களுக்கு, பட்டம் செல்லுமா என்ற கேள்வி பணக் கேள்வியும்தான்.

இதற்கிடையில் தோட்டமே கரைந்துகொண்டிருந்தது. செரண்டாவை அடுத்த சுங்கை சோவில் 1990-களில் பெரோடுவா கார்த் தொழிற்சாலை வந்தது. புக்கிட் பெருந்தோங்கில் வீடமைப்பு எழுந்தது. மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர் முதலான தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமைக்காகப் பல்லாண்டு போராடினார்கள். பட்டணத்துக்கு நகர்ந்த பிள்ளைகளுக்கு 1996-இன் தனியார் உயர்கல்விச் சட்டமும் 1997-இல் வந்த பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனும் உள்நாட்டிலேயே வழி காட்டின. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கவும் முடிந்தது. மருத்துவத்தின் மவுசும் குறைந்தது. 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்களுக்கு அரசு வேலை ஒப்பந்த அடிப்படைக்கு மாறியது. 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்தார்கள். கடன் வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் வெளியே படித்துவந்தால் நிரந்தர வேலை உறுதி என்ற பழைய கணக்கு அதோடு செல்லாததாயிற்று.

இன்று அதே வட்டாரத்துக்கு வெளியிலிருந்து மாணவர் வருகிறார்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்று தோட்டமக்கள் அழைத்த ஊர் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கிறது. சிலாங்கூர் மாநில அரசு 1999-இல் தொடங்கிய யுனிசெல் பல்கலைக்கழகத்தின் வளாகம் அங்கே இருக்கிறது. ஆஸ்திரேலியக் கட்டணம் கட்ட முடியாத இந்தோனேசியக் குடும்பங்களுக்கு மலேசியா ஒரு மலிவான வெளிநாடு: உணவும் மொழியும் பழகியவை, பயணம் குறுகியது, பட்டம் ஊரில் செல்லும். மலேசியாவில் படிக்கும் வெளிநாட்டவரில் இந்தோனேசியர் பெரிய கூட்டங்களில் ஒன்று. வளாகத்தைச் சுற்றியுள்ள செம்பனையில் குலை வெட்டுபவர்களிலும் இந்தோனேசியர் உண்டு; தமிழர்கள் காலி செய்த லயங்களுக்கு 1980-கள் முதல் வரத் தொடங்கியவர்கள் அவர்கள். 1984-இல் ஜகார்த்தா அரசு நிறுவிய இந்தோனேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மலேசியாவில் வேலை பார்க்கும் தன் நாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்கிறது. அவர்கள் வேலை நேரம் போக மீதி நேரத்தில் தொலைநிலைப் பாடம் படித்து, தேர்வெழுதிப் பட்டம் வாங்குகிறார்கள்.