பேச்சுக் கூச்சம்

பிறமொழி ஒன்றின் சொற்களையும் இலக்கணத்தையும் ஓரளவு அறிந்திருந்தும், பிழை நேருமோ, நேர்ந்தால் கேட்போர் நகைப்பரோ என்னும் அச்சத்தால் வாய்திறவாது நிற்கும் நிலை பேச்சுக் கூச்சம் எனப்படும். 1986-இல் ஹார்விட்ஸ் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் இதனை அளக்க 33 கூற்றுகள் அடங்கிய அளவுகோல் ஒன்றை வகுத்தனர்.

பேராக் மாநிலத்துப் பழைய ஈயச் சுரங்க நகரமாகிய காம்பாரிலும் அதனைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும் இது கண்கூடாகப் புலப்படும் சந்தர்ப்பம், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற குழந்தை, மலாய் வழியே போதிக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் காலெடுத்து வைப்பதாகும். தேசிய மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர்க்கென ஓராண்டுப் புகுமுக வகுப்பு நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. ஜனங்கள் அதனை ‘ரிமூவ்’ என்றே சொல்வர். ‘பாகி’ என நாம் ஒரேவிதமாய் எழுதும் இரு மலாய்ச் சொற்களுள், ‘பல்’ என்பதன் பகர ஒலியோடு தொடங்குவது காலையையும், ‘கம்பு’ என்பதன் பகர ஒலியோடு தொடங்குவது கொடுத்தலையும் குறிக்குமாதலின், தமிழ் நாவுக்கு இடறல் இயல்பே. அவ்விடறலைக் கண்டு எழும் பரிகாசமே குழந்தையை ஊமையாக்குகிறது.

அறியாமை இக்கூச்சத்துக்குக் காரணம் அன்று என்பதற்குத் தோட்டத்து முதியோரே சான்று. பள்ளிக்கூட வாசலை மிதியாத பால்மரத் தொழிலாளர், கன்டோனீஸ் பேசும் சீனக் கடைக்காரரோடு, பசார் மலாய் என்னும் சந்தை வழக்கில் தயக்கமின்றிப் பேரம் பேசி வந்தனர். பொருள் விளங்கியதா, விலை படிந்ததா என்பதன்றி அங்கே வேறு பரீட்சை இல்லை. அதே வழக்கைப் பேரன் வகுப்பில் உச்சரித்தால் மட்டும் அது நகைப்புக்கு உரியதாகிவிடுவது பெருங்கொடுமை.

ஆதலின் பரிகாரம் கேட்போரிடம் தொடங்குதல் வேண்டும். ‘என் புத்தகம்’ என்பதற்குச் செம்மையான ‘புக்கு சாயா’வை விடுத்து, சந்தை வழக்கில் ‘சாயா புன்யா புக்கு’ என்ற மாணாக்கனை இடைமறியாது, ‘ஆம், புக்கு காமு’ என்று ஆசிரியர் தம் மறுமொழியிலேயே திருத்தத்தை வைத்துவிடலாம். எனினும், 1997-இல் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்த லைஸ்டரும் ராண்டாவும் கண்டவாறு, இத்தகைய மறைமுகத் திருத்தத்தை மாணாக்கர் பெரும்பாலும் பற்றிக்கொள்வதில்லை. எனவே பேச்சு முடிந்தபின் தனித்து அழைத்து, அவ்வாக்கியத்தை அவனே செம்மையாக மீட்டுரைக்கச் செய்வதும் அவசியம். சபைக்கூடலில் நிறுத்துமுன், இருவர் இருவராக அமர்த்திப் பேசவிடுதல் நன்று.

உயர்கல்விப் பருவத்தில் இதே கூச்சம் ஆங்கிலத்தை முன்னிட்டு மீண்டும் தலைகாட்டும். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007 முதல் காம்பாரிலேயே இயங்கி வருகிறது. பல்கலைக்கழகம் புகுவோர்க்கென 1999-இல் தொடங்கிய மூயெட் என்னும் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியிலோ தனியுரையோடு குழு உரையாடலும் உண்டு.