பெட்டியும் பொறியியலே

வானொலிக் கருவியை நம் மக்கள் ‘ரேடியோப் பெட்டி’ என்றே வழங்கி வந்தனர். பின்னர் வந்த தொலைக்காட்சியும் ‘பெட்டி’ ஆயிற்று. வெளிக்கூட்டின் பெயரால் முழுக் கருவியையும் சுட்டும் இவ்வழக்கில் ஓர் உண்மை உண்டு. பெட்டி வெறும் போர்வையன்று. அதுவும் கருவியின் உறுப்பே. எனினும், மின்சுற்றை வகுத்தவரைப் போற்றும் நாம், பெட்டியை வகுத்த பொறியியலாரை நினைப்பதில்லை. அவர்தம் பணியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1930களின் வானொலிகள் வால்வுகளால் இயங்கின. வால்வுகள் சுடும், அவ்வெப்பம் வெளியேற வழி வேண்டும். ஆகவே மரப்பெட்டியின் பின்புறத்தில் துளையிட்ட பலகையைத் திருகாணிகளால் பொருத்தினர். துளைகள் காற்றுக்கு வழிவிட்டன. திருகாணிகள் பழுதுபார்ப்பவருக்கு வழிவிட்டன.

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லாண்ட் 1907-இல் பேக்லைட்டைக் கண்டறிந்தார். நாளடைவில் தச்சரின் உளி இருந்த இடத்திற்கு எஃகு அச்சு வந்தது. சூட்டாலும் அழுத்தத்தாலும் அச்சில் உருவாகும் இப்பொருளுக்கு வளைந்த மூலைகளே ஏற்றவை. பொருள் தடையின்றிப் பரவும், அச்சிலிருந்து எளிதில் விடுபடும். 1934-இல் இங்கிலாந்தின் எக்கோ நிறுவனத்துக்காகக் கட்டடக் கலைஞர் வெல்ஸ் கோட்ஸ் வகுத்த ஏ.டி.65 என்னும் வானொலி வட்ட வடிவாகவே அமைந்தது. நடுவில் இருந்த ஒலிபெருக்கியின் வட்டமே பெட்டியின் வடிவமும் ஆயிற்று.

வெப்பத்தைப் போலவே ஒலியும் பெட்டியைச் சோதித்தது. 1956-இல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் வானொலியையும் இசைத்தட்டுக் கருவியையும் இணைத்து எஸ்.கே.4 என்பதை வெளியிட்டது. அதற்கு முதலில் எண்ணிய உலோக மூடி, ஓசை மிகுந்தபோது அதிர்ந்தது. ஆகவே டீட்டர் ராம்ஸ் கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடியைக் கொணர்ந்தார். அழகென்று உலகம் புகழ்ந்த அம்மூடி, அதிர்வுக்குக் கண்ட மருந்து.

இதற்கிடையே, 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், வால்வின் பெருவெப்பத்தை நீக்கியது. 1954-இல் அமெரிக்காவில் வெளிவந்த ரீஜென்சி டி.ஆர்-1, நான்கு டிரான்சிஸ்டர்களுடன் கையில் அடங்கிற்று. மேசைமேல் நின்ற கருவி கைக்கு வந்ததும், கீழே விழும் இடரும் உடன் வந்தது. கூட்டின் சுவரைத் தடிப்பாக்கினால் எடை கூடும். வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது சீராகச் சுருங்காது மேற்பரப்பில் குழி விழும். ஆகவே மெல்லிய சுவரின் உட்புறத்தே, விலா எலும்புகள் போன்ற மெல்லிய வரம்புகளை எழுப்பி வலிமை சேர்ப்பது பொறியியலாரின் வழக்கமாயிற்று.

2010-இல் வந்த ஐபோன் 4-இல் விளிம்பைச் சூழ்ந்த எஃகுச் சட்டமே ஏரியலாகவும் பணியாற்றியது. சட்டத்தின் இடைவெளியைக் கை மூடியபோது அலைவரவு குன்றியது. நிறுவனம் உறைகளை இலவசமாக வழங்க நேர்ந்தது. பெட்டியும் கருவியும் வேறல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தடிப்பைக் குறைக்கவும் நீர் புகாது காக்கவும், இன்று பல கைப்பேசிகளில் மூடியைப் பசையால் ஒட்டுகின்றனர். மின்கலம் காலப்போக்கில் தளர்வது இயற்கை. அதை மாற்றப் பெட்டியைத் திறக்க இயலாவிடின், நல்ல கருவியும் குப்பையைச் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல விதி, சில விலக்குகளோடு, கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும் வகையில் அமைக்க வேண்டும் என்கிறது. அதன் தொடக்க நாளாக 2027 பிப்ரவரி 18-ஐக் குறித்துள்ளது.

வெப்பத்துக்கும் ஒலிக்கும் வீழ்ச்சிக்கும் விடை கண்ட பொறியியலாருக்கு, திறக்கக்கூடிய பெட்டியை வகுப்பது இயலாத செயலன்று. மெலிவை மட்டுமே நாம் கேட்டால் மெலிவையே தருவர். நீண்ட ஆயுளையும் கேட்டால் அதற்கும் வழி காண்பர்.