செஞ்சிச் சாலையில் சைக்கிள்

செஞ்சி ரயில் இல்லாத ஊர். ரயிலைப் பிடிக்கக் கிழக்கே 28 கி.மீ. தள்ளித் திண்டிவனம் போக வேண்டும். திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம், சேத்துப்பட்டுச் சாலைகள் இங்கே கூடுவதால், நெல்லும் மணிலாக்கொட்டையும் வந்து இறங்கும் சந்தை ஊராக இது நிலைத்தது. சிங்கவரம், ஆலம்பூண்டி, நாட்டார்மங்கலம் போன்ற சுற்றூர்க்காரர்கள் அரிசி ஆலைக்கும் கடைக்கும் கொத்து வேலைக்கும் நடந்தோ மாட்டுவண்டியிலோ வந்தார்கள். பேருந்து வரும் நேரத்துக்காக வேலை காத்திருக்காது. சைக்கிள் தேவைப்பட்டது இவர்களுக்குத்தான்.

இன்றைய சைக்கிளின் வடிவம் 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட 'ரோவர்' வண்டியிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய பெருஞ்சக்கர வண்டியில் சிறு கல் தடுக்கினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். ரோவரில் இருக்கை தாழ்ந்தது. செயின் பின்சக்கரத்தைச் சுழற்றியது. 1888-இல் டன்லப்பின் காற்று டயரும் சேர்ந்தபின் கரடுமுரடான சாலையிலும் சைக்கிள் தாக்குப்பிடித்தது. தமிழ்நாட்டுக்கு நெடுங்காலம் அது கப்பலில் வந்த விலையுயர்ந்த பொருள். 1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸ் வண்டிகள் ஊர்ப்புறங்களை எட்டின. சொந்த வண்டி இல்லாதவர்க்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் இருந்தன.

பாதுகாப்பு என்பது அக்காலத்தில் ஓட்டுபவரின் கடமையாகவே வகுக்கப்பட்டது. பெல், பிரேக், இரவில் விளக்கு இருக்க வேண்டும், டபுள்ஸ் கூடாது, உள்ளாட்சிக்கு வரி கட்டி வில்லையை வண்டியில் மாட்ட வேண்டும். விளக்கில்லாமல் பிடிபட்டால் அபராதம். போலீஸ்காரர் டயரின் காற்றைப் பிடுங்கிவிடுவதும் உண்டு.

அந்த விளக்கே முழுப் பாதுகாப்பு தரவில்லை. முதலில் மண்ணெண்ணெய் விளக்கு; பின்னர் டைனமோ. டைனமோவின் தலை டயரோடு உரசிச் சுழன்றால்தான் வெளிச்சம் வரும். வண்டியின் வேகம் குறைந்தால் விளக்கு மங்கும், நின்றால் அணைந்துவிடும். ஆக, நாற்சந்தியில் லாரிக்கு வழிவிட்டு நிற்கும் நேரத்தில்தான் சைக்கிள்காரர் இருட்டில் மறைந்தார். பிரேக்கிலும் ஒரு குறை உண்டு. எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வழக்கத்தைவிட அதிகத் தூரம் எடுக்கும். பழகியவர்கள் முன்கூட்டியே பிரேக்கை மெல்லப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்வார்கள். எந்த விதியிலும் எழுதப்படாத இந்தக் கைப்பழக்கம் பல உயிர்களைக் காத்திருக்கும்.

பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஏறியது பிற்பாடு. 1991-இல் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சியும் நடந்தது. கல்குவாரித் தொழிலாளர்கள் உட்படப் பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதை விரும்பியவர்களும் உண்டு. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டம் பின்னர் விரிவடைந்து, எல்லா மாவட்டங்களிலும் பள்ளிப் பிள்ளைகளைச் சாலைக்குக் கொண்டுவந்தது.

இதற்குள் சாலை மாறிவிட்டது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரிக் குன்றுகளுக்கு இடையே மதிலை ஊடறுத்துச் செல்லும் திருவண்ணாமலைச் சாலை இன்று தேசிய நெடுஞ்சாலை 77. லாரியும் பேருந்தும் மோட்டார் பைக்கும் செல்லும் அந்தத் தாரில் சைக்கிளுக்கெனத் தனித்தடம் இல்லை. ஆனாலும், விவசாயம் அல்லாத வேலை செய்வோரில் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் போகிறார்கள் என்று நாடு முழுவதற்குமான 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. இவர்களில் பலர் வேறு வண்டி வாங்க வசதியில்லாதவர்கள்.

சைக்கிள்களில் பொருத்தும் பிரதிபலிப்பான்களுக்கு 2020-இல் மத்திய அரசு தர ஆணை பிறப்பித்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதுவும் பழைய வில்லையைப் போல வண்டியைப் பற்றியதே. பின்னால் ஹாரன் கேட்டு ஒதுங்குபவர் தாரின் விளிம்பிலிருந்து மண்ணில் சறுக்கி விழுவதைப் பிரதிபலிப்பான் தடுக்காது. சாலை போடும்போதே ஓரத்து மண்ணைத் தாரின் மட்டத்துக்கு நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். கிராமச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் ஒவ்வொரு இடத்திலும் தெருவிளக்கு வேண்டும்.