கெல்லி மாளிகை: திரையில் சயாம், சுவரில் தமிழர் உழைப்பு

பேராக், பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், ராயா ஆற்றங்கரை மேட்டில் நிற்கிறது கெல்லி மாளிகை. கட்டி முடிக்கப்படாத இந்த வீடு, ஹாலிவுட் திரையிலும் இடம்பெற்ற ஒன்று.

ஜோடி ஃபாஸ்டர், சவ் யுன் ஃபாட் நடித்து 1999-இல் வெளிவந்த ‘அன்னா அண்ட் தி கிங்’ படத்தின் சில காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டன. சயாம் மன்னர் மோங்குட் பற்றிய கதை என்பதால் தாய்லாந்து அரசு அனுமதி மறுத்தது. படக்குழு மலேசியாவுக்கு வந்தது.

பழைய மாளிகைகளைத் திரைப்படங்கள் தேடி வருவது நம் நாட்டில் புதிதல்ல. பினாங்கின் சியோங் ஃபட் சீ நீல மாளிகை, 1992-இல் வெளியான பிரெஞ்சுப் படம் ‘இந்தோசீன்’, 2018-இல் வெளியான ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ இரண்டிலும் வருகிறது. பின்னதில் வரும் பணக்காரக் குடும்பத்தின் வீடு, கோலாலம்பூரின் கார்கோசா ஸ்ரீ நெகாரா.

ஆனால், கெல்லி மாளிகைக்கும் தமிழர்களுக்கும் உள்ள தொடர்பு தனி. ஸ்காட்லாந்திலிருந்து 1890-இல் இருபது வயதில் மலாயா வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பர் தோட்ட முதலாளியாக உயர்ந்தார். 1915-இல் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறின. கட்டடத் தொழிலாளர்கள் சென்னை மாகாணத்திலிருந்து அழைத்து வரப்பட்டனர். ஆறு மாடிக் கோபுரத்தில் மின்தூக்கிக்கும் இடம் விடப்பட்டது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஸ்பானிய விஷக்காய்ச்சல் பரவியது. தொழிலாளர்கள் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் அருகிலேயே மாரியம்மன் கோயில் எழுப்ப உதவினார். அந்த நன்றிக்காகத் தொழிலாளர்கள் அவருடைய உருவத்தையும் கோயிலில் தெய்வச் சிலைகளோடு சேர்த்து வைத்தனர்.

1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியா காய்ச்சலால் ஸ்மித் இறந்தார். மாளிகை வேலை அத்தோடு நின்றது. குடும்பத்தார் சொத்தை விற்றுவிட்டனர்.

இன்று கட்டணம் செலுத்தி மாளிகையைச் சுற்றிப் பார்க்கலாம். படம் எடுத்த இடத்தையும் ‘பேய் வீடு’ கதைகளையும் தேடி வருவோர் பலர், சற்றுத் தள்ளியிருக்கும் கோயிலுக்குப் போகாமலேயே திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் அங்கும் ஒரு நடை போய்வரலாம். செங்கல் அடுக்கியவர்கள் தங்களுக்கென்று கேட்டுப் பெற்றது அந்தக் கோயில்தான்.