வின்செஸ்டர் 1873: தோட்டா மறுநிரப்பல்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதிய கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, ஈயக்குண்டு ஆகியவற்றை இட்டு மீண்டும் சுடத்தக்கதாக்குவது மறுநிரப்பல் எனப்படும். பழைய நெம்புகோல் துப்பாக்கிகளை இன்றும் சுட்டுப் பழகும் அமெரிக்கர்களிடையே இது பரவலான கைவேலை. அத்துப்பாக்கிகளில் மிகவும் பெயர் பெற்றது வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873-ஆம் ஆண்டு மாதிரி. அதற்கென்றே உருவான .44-40 தோட்டாவையும் அதன் மறுநிரப்பலையும் இக்கட்டுரை விவரிக்கிறது. இந்தத் தோட்டாவில் புகையற்ற மருந்தை எவ்வளவு இடலாம் என்பதைக் கூட்டின் கொள்ளளவு தீர்மானிப்பதில்லை. துப்பாக்கியின் பூட்டு எவ்வளவு தாங்கும் என்பதே தீர்மானிக்கிறது. மறுநிரப்பலில் இதை மறப்பது விபத்தில் முடியலாம்.

மறுநிரப்ப முடியாத காலம்

பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ஹென்றி துப்பாக்கி, நெம்புகோல் வகையில் முதலில் வெற்றி கண்டது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், சட்டைத் தயாரிப்பில் பணம் சேர்த்த ஆலிவர் வின்செஸ்டரின் நிறுவனம் அதைத் தயாரித்தது. ஹென்றியும், அதன் வாரிசாக வந்த 1866 மாதிரியும் .44 அளவுள்ள விளிம்படித் தோட்டாவைச் சுட்டன. அவ்வகைத் தோட்டாவில் தீப்பற்றும் கலவை கூட்டின் அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். அடிக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் தீயை எழுப்பும். ஒருமுறை நசுங்கிய விளிம்பில் மீண்டும் கலவை பூச வழியில்லை, கூடு குப்பைதான்.

ரயில் பாதை எட்டாத மேற்குப் பகுதிகளில் இது பெருங்குறை. துப்பாக்கி கையில் இருக்கும். தோட்டா தீர்ந்தால் அடுத்த பெட்டி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய வாய்நிரப்புத் துப்பாக்கி வைத்திருந்தவனுக்கோ பொடியும் ஈயமும் எந்தக் கடையிலும் கிடைத்தன. பதினைந்து முறை அடுத்தடுத்துச் சுடும் வசதிக்காக அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கப் பலரும் தயங்கினார்கள்.

.44-40 தோட்டா

1873 மாதிரி அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது. அதனுடன் வந்த தோட்டா மையஅடி வகை: கூட்டின் அடியில், நட்டநடுவே உள்ள குழியில் தனிக் கேப்பு பொருந்தியிருக்கும். சுட்டபின் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்தினால் போதும். .44 என்பது குழல் விட்டத்தையும் 40 என்பது கருமருந்தின் எடையையும் குறிக்கின்றன. 40 கிரெயின் என்பது சுமார் 2.6 கிராம். மேலே 200 கிரெயின், அதாவது 13 கிராம் எடையுள்ள தட்டைமுனை ஈயக்குண்டு. நீளக் குழலிலிருந்து அது வினாடிக்கு ஏறக்குறைய 1,300 அடி வேகத்தில் கிளம்பியது. பின்னர் .38-40, .32-20 என்ற சிறிய தோட்டாக்களும் இதே துப்பாக்கிக்கு வந்தன. 1870-களின் இறுதியில் கோல்ட் நிறுவனம் தன் ஒற்றைச் செயல் கைத்துப்பாக்கியையும் .44-40-க்கு அமைத்தது. இடுப்பிலும் தோளிலும் ஒரே தோட்டா என்பதால் வாங்க வேண்டிய பொடி, கேப்பு, அச்சு எல்லாம் ஒரே வகையாயின. 1923 வரை சுமார் 7,20,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1870-களின் நடுவிலேயே வின்செஸ்டர் நிறுவனம் மறுநிரப்பும் கருவியையும் விற்றது. தோட்டா விற்கும் நிறுவனமே, தோட்டா வாங்காமல் இருப்பதற்கான கருவியையும் விற்றது வேடிக்கைதான். ஆனால் துப்பாக்கியை விற்க அதுவே நல்ல விளம்பரம். 1884-இல் ஜான் பார்லோ அதே நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இத்தொழிலைப் பெரிதாக்கியது. அதன் இடுக்கி வடிவக் கருவி சட்டைப்பையில் அடங்கக்கூடியது. கேப்பு எடுக்க, புதிய கேப்பு அழுத்த, குண்டைப் பொருத்த, வாயை மடிக்க என எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே போதும். சில வகைகளில் குண்டு வார்க்கும் அச்சும் முனையிலேயே இருந்தது. அடுப்பில் ஈயம் உருகும் அளவுக்கு நெருப்பு இருந்தால் போதும். 1925-இல் ஐடியலை வாங்கிய லைமன் நிறுவனம் இன்றும் வார்ப்பச்சுகளையும் மறுநிரப்பல் கையேட்டையும் வெளியிடுகிறது.

பூட்டின் பலவீனம்

1873-இன் உட்பகுதி அழகானது, ஆனால் வலுவானது அல்ல. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பிடித்து நிறுத்துவது, முழங்கால்போல் மடங்கி நிமிரும் இரு இணைப்புத் தகடுகள். நெம்புகோலைக் கீழே தள்ளினால் அவை மடங்கிப் போல்ட் பின்னே வரும். மேலே இழுத்தால் நிமிர்ந்து நேர்கோட்டில் நிற்கும். வெடிப்பின் பின்தள்ளல் முழுவதும் அந்தத் தகடுகளிலும் அவற்றின் ஊசிகளிலும் இறங்குகிறது. கருமருந்தின் மெதுவான தள்ளலுக்கு இது போதும். வேறு எதற்கும் இது திட்டமிடப்படவில்லை.

ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த 1892 மாதிரியும் அதே .44-40 தோட்டாவைச் சுட்டது. ஆனால் அதில் போல்ட்டின் இருபுறமும் மேலெழும் செங்குத்துப் பூட்டுகள் உண்டு, வலிமை பலமடங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்செஸ்டர் 1892-க்காக அதிவேக .44-40 தோட்டாவை விற்றபோது சிக்கல் வெளிப்பட்டது. வெளித்தோற்றத்தில் இரண்டு தோட்டாக்களும் ஒன்றே. 1873-இன் அறைக்குள்ளும் அது தடையின்றி நுழையும். பெட்டியில் அச்சிட்ட எச்சரிக்கை ஒன்றுதான் தடுப்பு. பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்ட தோட்டாவுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. அமெரிக்கத் தொழில்துறைத் தரநிர்ணய அமைப்பான சாமி இன்று .44-40-க்கு விதித்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு. ஏறக்குறைய அதே விட்டமுள்ள .44 மேக்னம் தோட்டாவுக்கு அது 36,000.

புகையற்ற மருந்தின் வருகை

கருமருந்துக் காலத்தில் அளவு தவறுவது அரிது. கூடு நிறையும்வரை பொடியை இட்டு, குண்டை அதன்மேல் அழுத்தி வைப்பார்கள். அதற்கு மேல் இட இடமே இருக்காது. 1890-களில் பரவிய புகையற்ற மருந்து இந்த இயற்கையான கட்டுப்பாட்டை அழித்துவிட்டது. ஆற்றல் மிகுந்த அது கூட்டின் அடியில் சிறிதளவே இருக்கும். கவனக்குறைவாக இரண்டாம் முறை இட்டாலும் கூடு நிரம்பாது, கண்ணுக்கும் உறுத்தாது. பழக்கத்தால் நேரும் தவறைத் தடுக்க, கருமருந்தின் கன அளவிலேயே அளந்து இடக்கூடிய புகையற்ற மருந்துகளையும் ஆரம்பக் காலத்தில் தயாரித்தார்கள். பின்னர் வந்த செறிவான மருந்துகள் அப்படி மன்னிப்பவை அல்ல. மருந்திட்ட கூடுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் உள்ளேயும் விளக்கொளியில் பார்த்த பிறகே குண்டு வைக்கும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது.

அதிகம் பேசப்படாத இன்னொரு விளைவும் உண்டு. நெம்புகோல் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக, சுருள்வில்லின் அழுத்தத்தில் படுத்திருக்கும். சுடும்போது ஏற்படும் அதிர்வில் முன்னுள்ள தோட்டா பின்னுள்ளதன் குண்டைக் கூட்டுக்குள் தள்ளப் பார்க்கும். கருமருந்து இருந்தவரை அழுத்தி நிரம்பிய பொடியே குண்டைத் தாங்கியது. பழைய .44-40 குண்டுகளில் மடிப்புக்கான பள்ளம்கூட இல்லாதது அதனால்தான். புகையற்ற மருந்தில் குண்டுக்குக் கீழே வெற்றிடம். எனவே தொழிற்சாலைகள் கூட்டின் கழுத்தில், குண்டின் அடி வந்து நிற்கும் இடத்தில், சுற்றிலும் ஒரு வரிப்பள்ளம் பதித்தன. கையால் நிரப்புபவர்கள் மடிப்புப் பள்ளம் உள்ள குண்டை வார்த்துக் கூட்டின் வாயை அதற்குள் மடித்து இறுக்குகிறார்கள்.

குண்டு முனை தட்டையாக இருப்பதும் இந்தக் குழாயின் கட்டாயமே. ஒவ்வொரு குண்டின் முனையும் தனக்கு முன்னுள்ள தோட்டாவின் கேப்பைத் தொட்டபடி இருக்கும். கூர்முனை இருந்தால் அதுவே அடிக்கும் ஊசியாகி, குழாய்க்குள்ளேயே வெடிப்பை ஏற்படுத்தக்கூடும். 1895 மாதிரிக்குப் பிரௌனிங் பெட்டி வடிவ மேகசினை அமைத்த பிறகே நெம்புகோல் துப்பாக்கியில் கூர்முனைக் குண்டுக்கு இடம் கிடைத்தது.

நீளமும் கழுத்தும்

1873-க்கு மறுநிரப்புபவரைச் சோதிப்பது மருந்தைவிட நீளம்தான். குழாயிலிருந்து பின்னே வரும் தோட்டா ஒரு பித்தளைத் தூக்குக்கட்டையில் விழுகிறது. கட்டை லிப்டைப்போல நேர்மேலே ஏறித் தோட்டாவை அறைக்கு நேரே நிறுத்தும். அடுத்த தோட்டாவைத் தடுத்து நிறுத்தத் தனி உறுப்பு எதுவும் இல்லை. கட்டையில் இருக்கும் தோட்டாவின் நீளமே தடுப்பு. நீளம் கூடினால் அதன் முனை குழாய்க்குள் நீட்டிக்கொண்டு கட்டையை ஏறவிடாது. குறைந்தால் அடுத்த தோட்டாவின் அடிவிளிம்பு கட்டைக்குள் தலைநீட்டி, அப்போதும் சிக்கிக்கொள்ளும். நல்ல குண்டு, சரியான மருந்து எல்லாம் இருந்தும் நெம்புகோல் நகராமல் நிற்கும் துப்பாக்கிகளில் முதலில் அளந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

.44-40 கூட்டின் கழுத்துச் சுவர் மிகவும் மெல்லியது. கூட்டை வடிவப்படுத்தும் டையில் சற்றே சாய்ந்தாலும், குண்டு வைக்கும்போது வாய் தட்டினாலும் கழுத்து சுருங்கி மடங்கிவிடும். ஒரு பெட்டிக்குச் சில கூடுகளாவது இப்படிப் போகும். நேர்ச்சுவருள்ள .45 கோல்ட் கூட்டில் பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் அந்த மெல்லிய கழுத்துக்கு ஒரு நன்மையும் உண்டு. குறைந்த அழுத்தத்திலேயே அது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் கருமருந்தின் கரி பின்னே வந்து இயந்திரத்தில் படிவதில்லை. கருமருந்து சுடுபவர்கள் இத்தோட்டாவை விரும்ப இதுவே முதற்காரணம்.

குண்டின் விட்டத்திலும் எச்சரிக்கை தேவை. இத்தோட்டாவுக்குரிய குழலின் உட்புறச் சுழற்பள்ளங்களின் விட்டம் 0.427 அங்குலம் என்பது பெயரளவுக்குத்தான்; பழைய குழல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. எனவே மென்மையான ஈய உருண்டையைக் குழலின் வழியே தள்ளி, வெளியே வந்ததை அளந்து, அதைவிட மயிரிழையளவு பெரிய குண்டைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். சிறிய குண்டு பள்ளங்களைப் பிடிக்காமல் வழுக்கும். குழலெங்கும் ஈயம் படியும். ஈயத்தோடு சிறிதளவு வெள்ளீயம் சேர்த்து வார்த்த குண்டே பழைய குழலுக்கு உகந்தது.

கூடுகளும் காலத்தோடு மாறிவிட்டன. பழைய கூடுகளின் அடிப்பகுதி உள்ளே குழிவாக இருந்ததால் கொள்ளளவு அதிகம். இன்றைய கூடுகளின் அடி திண்மையானது. உறுதி கூடியது, இடம் குறைந்தது. பெயரில் உள்ள அந்த 40 கிரெயின் இன்றைய கூட்டில் எளிதில் அடங்காது. எங்கேனும் கிடைக்கும் நூற்றாண்டுப் பழமையான கூடுகளை மறுநிரப்ப எடுப்பதும் நல்லதல்ல. அக்காலக் கேப்புகளில் இருந்த பாதரசம் பித்தளையை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே வலு இருக்காது.

இன்றைய நிலை

1950-இல் ஆண்டனி மான் இயக்கத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘வின்செஸ்டர் 73’ திரைப்படம் இத்துப்பாக்கியைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. 1987-இல் ஒற்றைச் செயல் சுடுநர் சங்கம் உருவானபின், பழைய மேற்குக் கால உடையணிந்து சுடும் போட்டிகள் பரவின. தோட்டாத் தேவையும் மறுநிரப்பலும் அதோடு வளர்ந்தன. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பனைக்கு நிரப்பினால் தேவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் கட்டாயம்.

இத்தாலியின் உபெர்ட்டியும், வின்செஸ்டர் பெயரில் ஜப்பானின் மிரோகுவும் இன்று 1873-இன் நகல்களைச் செய்கின்றன. உயர்ந்த எஃகால் ஆன அவற்றில் சில .357 மேக்னம் தோட்டாவையும் தாங்குகின்றன. அதைக் கண்டு அசல் துப்பாக்கியும் தாங்கும் என்று முடிவுகட்டுவது ஆபத்து: ஆரம்பகால அசல்களின் சட்டகம் எஃகுகூட அல்ல, இரும்பு. லைமன் கையேடு .44-40-க்கான மருந்தளவுகளை இரு தொகுதிகளாகப் பிரித்து வெளியிட்டதும் இதனால்தான். முதல் தொகுதி 1873-க்கும் அதையொத்த வலுக்குறைந்த பூட்டுகளுக்கும், இரண்டாவது 1892 போன்ற வலுவானவற்றுக்கும்.