தோலுக்கு அடியில்: முகத்தூக்கு அறுவை ஆழம் தேடிச் சென்ற வரலாறு, 1901–2009

முன்னுரை

முகத் தளர்ச்சிக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று விசாரிக்கப் போகும் ஒருவர் முன் இன்று ஏராளமான பெயர்கள் வைக்கப்படுகின்றன: மினி லிஃப்ட், ஸ்மாஸ் லிஃப்ட், மேக்ஸ் லிஃப்ட், டீப் பிளேன் லிஃப்ட், நூல் லிஃப்ட், கொழுப்பு நிரப்புதல். விளம்பரங்களில் இவை ஒன்றோடொன்று போட்டியிடுவதாகத் தோன்றும். ஆனால் வரலாற்றில் இவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முகத்தில் மூப்படைவது எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறை மருத்துவரும் ஒரு விடை கண்டனர். தோல் என்றனர் முதலில் வந்தோர். தோலுக்கு அடியிலுள்ள படலம் என்றனர் 1970களில். அதைப் பிணைக்கும் நார்கள் என்றனர் 1990ஐ ஒட்டி. கொழுப்பும் எலும்பும்கூட என்றனர் 2000க்குப் பின். விடை மாறியபோதெல்லாம் கத்தி இறங்கும் ஆழமும் மாறியது.

இந்த வரிசையைத் தடம்பற்றிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அறுவை முறையின் பெயரைவிட, அது முகத்தின் எந்த அடுக்கைச் சரிசெய்கிறது என்பதே நோயாளி அறிய வேண்டிய செய்தி என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1. தோலை வெட்டித் தைத்த காலம்

முதல் முகத்தூக்கு அறுவையைச் செய்தவராக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பெர்லின் மருத்துவர் ஆய்கன் ஹோலண்டரைக் குறிப்பிடுகின்றன. 1901இல் போலந்து உயர்குடிப் பெண் ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்கி, முடி எல்லையிலும் காதை ஒட்டியும் நீள்வட்டமாகத் தோல் துண்டுகளை வெட்டி எடுத்து, விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தார். இதை அவர் அச்சில் பதிவு செய்தது 1912இல். எரிக் லெக்ஸர் 1906இல் ஒரு நடிகைக்கு இத்தகைய அறுவையைச் செய்தார். அது அச்சேற 1931 ஆயிற்று. சிகாகோவின் சார்ல்ஸ் மில்லர் 1907இலேயே முக அமைப்பைத் திருத்துவது பற்றித் தனிநூல் வெளியிட்டிருந்தார்.

செய்த ஆண்டுக்கும் பதிவான ஆண்டுக்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவு கவனத்துக்குரியது. நோயில்லாத உடலில் அழகுக்காகக் கத்தி வைப்பது தொழிலின் மதிப்பைக் கெடுக்கும் என்ற எண்ணம் அன்றைய மருத்துவ உலகில் வலுவாக இருந்தது. செய்தவர்கள் வெளியே சொல்லத் தயங்கினர். அதனால் ஒருவரின் அனுபவம் அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரே பிழை பல ஊர்களில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது.

இந்த அறுவை அந்தக் காலத்தில் தோன்றியதற்குக் காரணமும் உண்டு. கிருமிநீக்க முறை 1867இலிருந்து பரவி வந்தது. கோகெயினால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று 1884இல் கார்ல் கோலர் காட்டினார். அதைவிடப் பாதுகாப்பான நோவோகெயின் 1905இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமல், ஊசி போட்டு இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து தைத்து அனுப்பும் வசதி இப்படித்தான் பிறந்தது.

பலன் மட்டும் நிலைக்கவில்லை. தோல் மீள்தன்மை கொண்டது. இழுத்துத் தைத்தால் சில மாதங்களில் அந்த இழுவிசைக்கு ஏற்ப நீண்டுவிடும். இறுக்கம் தளர்ந்த பிறகும் தழும்பு நிற்கும்.

2. போர்க்களமும் பெண்களின் பிழைப்பும்

முதல் உலகப் போர் இத்துறையின் போக்கை மாற்றியது. பதுங்குகுழியிலிருந்து தலை நீட்டிய வீரர்களின் முகங்கள் குண்டுச் சிதறல்களால் சிதைந்தன. பாரிஸில் இப்போலிட் மோரெஸ்தென், இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917இல் திறக்கப்பட்ட மருத்துவமனையில் ஹரால்ட் கில்லீஸ் போன்றோர் இத்தகைய ஆயிரக்கணக்கான முகங்களைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டனர். தோலை எவ்வளவு தூரம் பிரித்தால் இரத்த ஓட்டம் கெடாது, எங்கே வெட்டினால் தழும்பு மறையும் என்ற அறிவு அங்கே திரண்டது.

அந்த அறிவைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தவர்களில் பிரெஞ்சு மருத்துவர் சூசான் நோயல் (1878–1954) தனித்து நிற்கிறார். போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த இவர், 1926இல் அழகியல் அறுவையின் சமூகப் பங்கு குறித்து நூல் எழுதினார். பாரிஸில் 1924இல் சொராப்டிமிஸ்ட் பெண்கள் சங்கத்தை நிறுவியவரும் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவரும் இவரே. இவரிடம் வந்த பெண்களில் பலர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வாழ்ந்தவர்கள். முகம் கிழடுதட்டினால் வேலை பறிபோகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. நோயல் அந்த அச்சத்தை வீண் பெருமையாகக் கருதவில்லை. வாழ்வாதாரச் சிக்கலாகவே பார்த்தார். சிறிய அளவில், படிப்படியாக, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு அறுவை செய்தார். இன்று 'மினி லிஃப்ட்' என்ற பெயரில் வழங்கும் பலவற்றின் முன்மாதிரியை அவருடைய நூலில் காணலாம்.

அமெரிக்காவின் போர்ட்லண்டில் அடால்பெர்ட் பெட்மன் 1920இல் அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த நிழற்படங்களை வெளியிட்டார். நெற்றிப்பொட்டில் தொடங்கி, காதின் முன்புறமாக இறங்கி, காதுமடலின் அடியைச் சுற்றிப் பின்பக்கம் செல்லும் தொடர்வெட்டை அவர் விவரித்தார். பெரும்பாலான முகத்தூக்கு அறுவைகளில் இன்றும் ஏறத்தாழ இதே பாதையில்தான் கத்தி செல்கிறது. தோலைக் கன்னம் வரை அடியிலிருந்து பிரித்தெடுத்த பிறகு இழுக்கும் முறையை பேம்ஸ் என்ற மருத்துவர் 1927இல் வெளியிட்டார். அதன் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அடிப்படையில் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. தோலைப் பிரிப்பதும் இழுப்பதும் மிகுதியை வெட்டுவதுமே அறுவையாக இருந்தது. பஞ்சு கீழே இறங்கிய தலையணைக்கு உறையை மட்டும் இறுக்கித் தைப்பதுபோல, சிக்கலின் இருப்பிடம் ஒன்றாகவும் சிகிச்சையின் இருப்பிடம் வேறாகவும் இருந்தன.

3. ஸ்மாஸ்: 1974–1976

திருப்புமுனை சுவீடனில் தோன்றியது. உப்சாலாவின் டோர்ட் ஸ்கூக், தோலை அதன் அடிப்படலத்திலிருந்து பிரிக்காமல் இரண்டையும் ஒன்றாக உயர்த்தும் முறையை 1974இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அந்தப் படலம் எது, எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை உடற்கூற்று அடிப்படையில் நிறுவியவர்கள் பாரிஸின் விளாதிமீர் மிட்ஸ், மார்தீன் பெய்ரோனி. பிணக்கூறு ஆய்வின் வழியே 1976இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, தசையும் நாரும் கலந்த ஒரே தொடர்படலம் முகத்தில் இருப்பதைக் காட்டியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்மாஸ்' என்றே மருத்துவர்கள் வழங்குகின்றனர். கழுத்தில் பிளாட்டிஸ்மா என்னும் மெல்லிய தசையோடும், மேலே நெற்றிப்பொட்டின் படலத்தோடும் அது இணைகிறது.

இதனால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. முதலாவது, இழுவிசையைத் தாங்கும் பொறுப்பு தோலிலிருந்து படலத்துக்கு மாறியது. படலம் தோலைப்போல எளிதில் நீளாது. அதை மடித்துத் தைத்தோ, ஒரு பட்டையை வெட்டி நீக்கி இணைத்தோ, பிரித்து உயர்த்தியோ கன்னத்தை நிமிர்த்தலாம். மேலே தோலை இறுக்கமின்றிப் படரவிட்டு மூடலாம். காற்றில் இழுபட்டதுபோன்ற முகமும், கீழே இழுத்துக்கொண்ட காதுமடலும் தோலை மட்டும் இழுத்ததன் விளைவுகள்; அவை குறைந்தன. இரண்டாவது, முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் கன்னத்தில் இந்தப் படலத்துக்கு அடியில் ஓடுகின்றன என்பது தெளிவானதால், எந்த ஆழம் வரை பாதுகாப்பாகச் செல்லலாம் என்பதற்கு ஒரு வழிகாட்டி கிடைத்தது.

4. நார்களை விடுவித்தல்: 1989–2002

படலத்தை இழுத்தும் மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் மடிப்பு போதுமான அளவு மாறவில்லை. காரணத்தை 1989இல் டேவிட் ஃபர்னஸ் விளக்கினார். கன்ன எலும்பிலிருந்தும் தாடையிலிருந்தும் தோல்வரை செல்லும் உறுதியான தாங்குநார்கள் சில இடங்களில் திசுக்களைப் பிணைத்து வைத்திருக்கின்றன. அவற்றை விடுவிக்காமல் இழுத்தால் இழுவிசை நடுமுகத்தை எட்டாது.

அடுத்த ஆண்டே டல்லாஸின் சாம் ஹாம்ரா 'டீப் பிளேன்' முறையை வெளியிட்டார். ஸ்மாஸுக்கு அடியில் புகுந்து, கன்ன எலும்பின் நார்களைப் பிரித்து, தோலும் கொழுப்பும் படலமும் சேர்ந்த தடித்த மடலாக உயர்த்துவது இதன் சாரம். கண்ணைச் சூழ்ந்த தசையையும் சேர்த்து உயர்த்தும் விரிவான வடிவத்தை 1992இல் முன்வைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, தம் நோயாளிகளின் நீண்டகாலப் பலனை ஆராய்ந்த ஹாம்ரா, கன்னக் கொழுப்பை மேலேற்றியதால் கிடைத்த தொடக்க வெற்றி காலப்போக்கில் நிலைக்கவில்லை என்று 2002இல் தாமே எழுதினார். தம் பெயரால் அறியப்பட்ட முறையின் குறையை ஒருவர் இப்படி வெளிப்படையாக ஆவணப்படுத்தியது, பதிவு செய்யவே தயங்கிய 1901ஆம் ஆண்டு மருத்துவத்திலிருந்து இத்துறை எவ்வளவு முன்னேறியது என்பதற்குச் சான்று.

எதிர்த்திசையிலும் முயற்சிகள் நடந்தன. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பேட்ரிக் டொனார்டும் அலெக்சிஸ் வெர்பேலெயும் 2002இல் மேக்ஸ் லிஃப்ட் முறையை வெளியிட்டனர். காதின் முன்புறக் குறுவெட்டு வழியே சுருக்குத் தையல்களை இட்டு, அவற்றை நெற்றிப்பொட்டின் உறுதியான படலத்தில் செங்குத்தாகத் தொங்கவிடும் முறை இது. வெட்டு சிறியது, மீள்வதும் விரைவு. கழுத்துத் தளர்ச்சி அதிகமானவர்களுக்கு இதன் பயன் குறைவு.

5. வற்றும் முகம்

தொங்குவது மட்டுமே மூப்பன்று. முகம் வற்றவும் செய்கிறது. முகக் கொழுப்பு தனித்தனி அறைகளாகப் பிரிந்துள்ளது என்பதை ராட் ரோரிக்கும் ஜோயல் பெசாவும் 2007இல் காட்டினர். ஓர் அறை வற்றும்போது பக்கத்து அறை துருத்திக்கொண்டு தெரியும். கண்குழி எலும்பு அகல்வதையும் மேல்தாடை எலும்பு பின்வாங்குவதையும் சி.டி. ஸ்கேன் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. இப்படி வற்றிய முகத்தை இழுத்தால் மட்டும் இளமை திரும்பாது; எலும்போடு ஒட்டிய தோற்றமே வரும்.

நிரப்பும் யோசனை புதிதன்று. தழும்புக் குழியை நிரப்பக் கையிலிருந்து எடுத்த கொழுப்பை கஸ்டாவ் நாய்பர் 1893இல் பயன்படுத்தினார். 1900ஐ ஒட்டி வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி தொடங்கிவைத்த பாரஃபின் ஊசி வேகமாகப் பரவி, கட்டிகளையும் முகச் சிதைவையும் தந்துவிட்டுக் கைவிடப்பட்டது. 1990களில் சிட்னி கோல்மன் கொழுப்பைக் காயப்படுத்தாமல் உறிஞ்சி, தூய்மையாக்கி, சிறு துளிகளாகச் செலுத்தும் ஒழுங்கை வகுத்த பிறகே இம்முறை முகத்தூக்கு அறுவையின் இயல்பான துணையாயிற்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புருவ நடுச்சுருக்கத்துக்கு போடாக்ஸை 2002இலும், ஹயலூரானிக் அமில நிரப்பியான ரெஸ்டிலேனை 2003இலும் அனுமதித்தது. தொங்கல் தொடங்காத முகங்களுக்கு இந்த ஊசிகள் அறுவையைத் தள்ளிப்போட உதவுகின்றன. தளர்ந்த கழுத்தையும் தாடையோரத் தொங்கலையும் இவை தூக்கி நிறுத்துவதில்லை.

6. எந்த முறை சிறந்தது: இரு ஒப்பீடுகள்

ஐவி, லோரென்ஸ், ஆஸ்டன் ஆகியோர் 21 நோயாளிகளிடம் முகத்தின் ஒரு பக்கத்தில் எளிய ஸ்மாஸ் முறையையும் மறுபக்கத்தில் விரிவான முறையையும் செய்து 1996இல் முடிவை வெளியிட்டனர். இரு பக்கங்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரண்டு சோடி ஒத்த இரட்டையருக்கு நான்கு புகழ்பெற்ற மருத்துவர்கள் நான்கு வெவ்வேறு முறைகளில் செய்த அறுவைகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தது. ஒருவரின் முறை மற்றவருடையதைத் தெளிவாக விஞ்சியதாகச் சொல்ல அங்கும் இடமில்லை.

இவை சிறிய ஆய்வுகள். எல்லா முகங்களுக்கும் பொதுவிதி வகுக்கப் போதுமானவை அல்ல. ஆயினும், ஆழமாகச் சென்றாலே சிறந்தது என்ற விளம்பர வாதத்தை ஏற்க இவை இடம் தரவில்லை. முகத்தின் தேவையைச் சரியாகக் கண்டறிவதும், தாம் தேர்ந்த முறையில் மருத்துவருக்குள்ள தேர்ச்சியுமே பலனைத் தீர்மானிப்பதாகக் கொள்ளலாம்.

7. மாறாத ஆபத்துகள்

முறைகள் மாறியும் ஆபத்துகள் நீங்கவில்லை. தோலுக்கடியில் இரத்தம் கட்டுவதே மிகுதியாக நேரும் சிக்கல். பெரும்பாலும் முதல் நாளில் நேரும் இது பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். கட்டுப்படாத இரத்த அழுத்தமும், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளும் இதைக் கூட்டும். புகைபிடிப்போருக்குப் பிரித்தெடுத்த தோல் கருகி உதிரும் ஆபத்து சுமார் 12 மடங்கு என்பதை தாமஸ் ரீஸ் குழுவினர் 1984இலேயே காட்டினர். காதுக்கு உணர்வு தரும் கழுத்து நரம்பு காயப்பட்டால் காதுமடல் மரத்துப்போகும். முகநரம்பின் கிளை காயப்பட்டால் புருவமோ கீழுதடோ அசையாது. பெரும்பாலும் மாதக்கணக்கில் சரியாகும், அரிதாக நிலைத்துவிடும். நம்மைப்போன்ற மாநிறத் தோலில் தடித்த தழும்பும் கருமையும் படிய வாய்ப்பு அதிகம். முன்பு கம்மல் குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

அறுவை சரிசெய்யாதவையும் உண்டு. வெயிலால் வந்த கரும்புள்ளிகள், மேலுதட்டின் நுண்கோடுகள், தோலின் சொரசொரப்பு ஆகியவற்றுக்கு வேறு சிகிச்சைகள் தேவை. இமைத் தொங்கலும் தனி அறுவை. செய்த பிறகும் மூப்பு நிற்காது; அதே முகம் சற்றுப் பின்னிருந்து மீண்டும் மூப்படையத் தொடங்கும்.

முடிவுரை

1901 முதல் 2009 வரையிலான இந்த வரலாற்றில் மூன்று முடிவுகள் தெளிவாகின்றன. முதலாவது, இன்று கிடைக்கும் முறைகள் ஒன்றையொன்று முற்றிலும் அகற்றிவிடவில்லை. முகத்தின் வெவ்வேறு அடுக்குகளுக்கான விடைகளாக அருகருகே நிற்கின்றன. இரண்டாவது, வெளிப்படையான பதிவும் நேர்மையான ஒப்பீடும் தொடங்கிய பிறகே இத்துறை அறிவியலாயிற்று. மூன்றாவது, தோலை மட்டும் இழுத்த முறையின் தோல்வி ஏற்கெனவே அரை நூற்றாண்டு அனுபவத்தால் நிறுவப்பட்டது. இன்று எந்தக் கவர்ச்சியான பெயரில் அது திரும்பி வந்தாலும் முடிவு வேறாக இராது.

ஆகவே அறுவையை நாடுவோர் கேட்க வேண்டியவை: என் முகத்தில் தளர்ந்தது தோலா, படலமா? வற்றியது எங்கே? நீங்கள் செய்யும் முறை இவற்றில் எதைச் சரிசெய்யும், எதை விட்டுவிடும்? அந்த முறையில் உங்கள் நோயாளிகள் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்கிறார்கள்? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற முறையான பயிற்சி பெற்ற மருத்துவர் இவற்றுக்குத் தெளிவாக விடை சொல்வார். விடை சொல்லாமல் பெயரையும் தள்ளுபடியையும் மட்டுமே முன்வைக்கும் இடத்தில் முகத்தை ஒப்படைக்க வேண்டாம்.